தாய்லாந்துப் பள்ளிக்கூடம் யாருக்காக எழுந்தது?

ஜூன் மாதத்து வியாழக்கிழமைக் காலை. தாய்லாந்தில் பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பிள்ளைகள் வரிசையாக முழங்காலில் தவழ்ந்து வந்து ஆசிரியர் முன்னால் பூத்தட்டு வைக்கிறார்கள். தட்டில் இருப்பதெல்லாம் நமக்குப் பழக்கமான பொருள்கள்தான்: அருகம்புல், கத்தரிப்பூ, நாம் இட்லிப்பூ என்று சொல்லும் வெட்சி. அருகம்புல்லை எங்கே போட்டாலும் வேர் பிடித்துப் பரவும். அறிவும் அப்படிப் பரவ வேண்டும். கத்தரிப்பூ தலை கவிழ்ந்து பூக்கும், அது பணிவு. வெட்சிக்கு அங்கே 'கெம்' என்று பெயர், ஊசி என்று பொருள். அது புத்திக் கூர்மை. இந்தச் சடங்குக்கு 'வாய் க்ரூ' என்று பெயர். 'வாய்' என்பது கைகூப்பி வணங்குவது. 'க்ரூ' நம்முடைய குருவேதான்.

இன்னும் கொஞ்சம் காதைத் தீட்டினால் பழகிய சொற்கள் வரிசையாக விழும். தொடக்கப் பள்ளி அங்கே 'ப்ரதோம்', அதாவது பிரதமம். உயர்நிலைப் பள்ளி 'மத்தயோம்', அதாவது மத்தியமம். பல்கலைக்கழகப் படிப்பு 'உதோம்', அதாவது உத்தமம். கல்விக்கு 'சுக்சா', வடமொழி சிக்ஷா. இதையெல்லாம் கேட்கும்போது ஆயிரம் ஆண்டு மரபு அறுபடாமல் அப்படியே பள்ளிக்கூடமாக வளர்ந்து நிற்கிறது என்று தோன்றும்.

ஆனால் அந்தத் தட்டுக்குப் பின்னால் நிற்கும் கட்டடமும், மணியும், சீருடையும், பாடத்திட்டமும் சுமார் 150 ஆண்டுப் பழையவை மட்டுமே. நம் ஊர்ப் பள்ளி வரலாற்றை எழுத உட்கார்ந்தால் வெள்ளைக்காரனைத் தொடாமல் எழுத முடியாது. தாய்லாந்தை, அன்றைய சயாமை, எந்த ஐரோப்பிய நாடும் ஆண்டதில்லை. அப்படியென்றால் அங்கே நவீனப் பள்ளியைக் கட்டியது யார், எதற்காக? அந்த நாட்டு அரசே தன் தேவைக்காகக் கட்டியது. முதலில் எழுத்தர் தேவைப்பட்டார்கள், பிறகு விசுவாசமான குடிகள், பிறகு ஆலைத் தொழிலாளிகள். ஒவ்வொரு முறையும் பள்ளி விரிந்தது. ஆனால் 'இந்தக் குழந்தைக்கு என்ன வேண்டும்' என்ற கேள்வி பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தது. இன்று அந்த நாடு பள்ளிகளைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பழைய ஏற்பாட்டிலிருந்து தொடங்குவோம். சுகோத்தாய் அரசன் ராம்கம்ஹேங் 1283ல் தாய்லாந்து எழுத்தை உருவாக்கினான் என்று அவன் பெயரில் உள்ள 1292ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கல்வெட்டின் வயதைப் பற்றி ஆய்வாளர்களிடையே சண்டை உண்டு. ஆனால் எழுத்தின் வம்சாவளியில் சண்டை இல்லை. கெமர் எழுத்திலிருந்து அது வந்தது; கெமர் எழுத்து பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது. காஞ்சிபுரத்து எழுத்துக்கு அது தூரத்துப் பேத்தி.

அந்த எழுத்தைப் பிள்ளைகள் கற்ற இடம் 'வாட்', அதாவது புத்த விகாரை. ஏழெட்டு வயதில் பையனைக் கொண்டுபோய் ஒரு பிக்குவிடம் விடுவார்கள். அவன் 'தெக் வாட்', கோயில் பையன். விடியற்காலையில் பிக்கு பிச்சைக்குப் போகும்போது பின்னாலேயே பாத்திரம் சுமந்து போவான், திரும்பி வந்து முற்றம் கூட்டுவான், மிச்சம் இருக்கும் சோற்றைச் சாப்பிடுவான். நடுவே எழுத்துப் பாடம். கோய் என்ற மரத்தின் பட்டையில் செய்த கறுப்பு மடிப்பேட்டில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் எழுதிப் பழகுவான். கொஞ்சம் வளர்ந்தால் சாமணேரராக, அதாவது இளந்துறவியாக, ஆடை கட்டிப் பாலி மொழி மந்திரங்களை மனப்பாடம் செய்வான். இருபது வயதில் பிக்குவாகச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிக் கல்யாணம் செய்துகொள்வான். கட்டணம் கிடையாது, வகுப்பு கிடையாது, தேர்வு கிடையாது. ஏழைப் பையனுக்கும் சோறும் எழுத்தும் கிடைத்தன. இன்றும் தாய்லாந்தில் ஆயிரக்கணக்கான அரசுப் பள்ளிகளின் பெயர் 'வாட்' என்றுதான் தொடங்குகிறது. அவை விகாரை நிலத்திலேயே நிற்கின்றன.

சரி, பெண் பிள்ளைகள்? பிக்கு பெண்ணைத் தொடக்கூடாது, எனவே விகாரைப் பள்ளி அவர்களுக்கு இல்லை. அரண்மனைக்குள் வளர்ந்த பெண்கள் சிலர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், கவிதை கட்டத் தெரிந்தவர்கள். மற்றவர்களுக்கு வீடும் நெல்வயலும்தான். 'பெண் எருமை, ஆண்தான் மனிதன்' என்று அங்கே ஒரு பழைய சொலவடை உண்டு. படிக்கவே கூசுகிறது, ஆனால் அந்த வழக்கத்தின் எடையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அயுத்தயா தலைநகராக இருந்த காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், நாராய் மன்னர் ஆட்சியில் பிரெஞ்சுப் பாதிரிமார் பள்ளி நடத்தினார்கள். அதே காலத்தில்தான் 'சிந்தாமணி' என்ற நூல் எழுதப்பட்டது என்பார்கள். எழுத்துக்கூட்டலும் யாப்பும் சொல்லித்தரும் அதுதான் தாய்லாந்து மொழியின் முதல் பாடநூலாகக் கருதப்படுகிறது. ஆனாலும் பாதிரிமார் பள்ளிகள் ஊருக்குள் வேர்விடவில்லை.

அதைவிட எனக்கு நெருக்கமாகப் படுவது பாங்காக்கில் இருக்கும் வாட் போ. படுத்த நிலைப் புத்தரைப் பார்க்கப் போகிறவர்கள் பலரும் சுற்று மண்டபச் சுவர்களைக் கவனிப்பதில்லை. 1830களில் மூன்றாம் ராமர் என்ற அரசர் அந்த விகாரையைப் புதுப்பித்தபோது, நாட்டில் யார் யாரிடம் என்னென்ன அறிவு இருக்கிறதோ அதையெல்லாம் திரட்டிக் கல்லில் வெட்டச் சொன்னார். மருந்துக் குறிப்புகள், உடம்பில் எங்கே அழுத்தினால் எந்த வலி தீரும் என்று காட்டும் 60 படப் பலகைகள், யாப்பு வகைகள், நீதிப் பாடல்கள், வரலாறு, அண்டை நாட்டு மனிதர்களைப் பற்றிய குறிப்புகள். உடம்பை முறுக்கி நிற்கும் ரிஷிகளின் சிலைகளும் உண்டு. யோக நிலைகளைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். மொத்தம் 1,400க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். 2011ல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் அவற்றைச் சேர்த்தது.

மருந்து அறிவு என்பது அப்பன் பிள்ளைக்கு மட்டும் காதில் சொல்லிவிட்டுப் போகும் குடும்பச் சொத்தாக இருந்த காலம் அது. அதைப் பொதுச் சுவரில் எழுதி வைத்தார்கள். கதவு இல்லை, கட்டணம் இல்லை. நடந்து வந்து நின்று படிக்கலாம். வேலைக்கு ஆள் எடுக்கும் நோக்கமோ தேசப்பற்று வளர்க்கும் நோக்கமோ இல்லாமல், தெரிந்தது அழியக்கூடாது என்பதற்காக மட்டும் செய்யப்பட்ட கல்வி முயற்சி இது. தாய்லாந்து மக்கள் இதைத் தங்கள் முதல் பல்கலைக்கழகம் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அடுத்த அரசர் மோங்குட் 27 ஆண்டுகள் பிக்குவாக இருந்துவிட்டு 1851ல் அரியணை ஏறியவர். பிக்குவாக இருந்தபோதே கத்தோலிக்க ஆயரிடம் லத்தீனும் அமெரிக்க மிஷனரிகளிடம் ஆங்கிலமும் கற்றார். சுற்றிலும் பர்மா ஆங்கிலேயர் கையில், வியட்நாம் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்துகொண்டிருந்தன. எதிராளியின் மொழி தெரியாமல் எதிராளியிடம் பேச முடியாது என்று அவருக்குப் புரிந்திருந்தது. 1862ல் தன் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க ஆனா லியோனோவென்ஸ் என்ற பெண்மணியை வரவழைத்தார். ஆங்கிலமும் அறிவியலும் போதும், மதமாற்றம் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதியும் அனுப்பினார்.

அவர் மகன் சுலாலங்கோர்ன் 1868ல் பதினைந்து வயதில் அரசரானார். நவீனக் கல்வியின் கதை உண்மையில் இவரிடம்தான் தொடங்குகிறது. இளைஞராகவே சிங்கப்பூர், ஜாவா, அப்புறம் 1872 வாக்கில் பர்மா, இந்தியா என்று போய்க் காலனி நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்தார். 1871ல் அரண்மனைக்குள்ளே தாய்லாந்து மொழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார், அடுத்த ஆண்டு ஆங்கிலப் பள்ளி. தலைமையாசிரியர் பிராயா ஸ்ரீசுந்தோன்வோஹான் ஆறு பாகங்களில் பாடநூல் எழுதினார். நோக்கத்தை ஒளிக்கவில்லை: வரவு செலவு எழுத, கடிதம் எழுத, அரசாங்கத்துக்குப் படித்த ஆள் வேண்டும்.

1880களின் தொடக்கத்தில் அவருடைய தம்பி தாம்ரோங் இளவரசர் சுவான் குலாப் பள்ளியைத் தொடங்கினார். தன் பிள்ளைகள் முதல் கடைக்கோடிக் குடியானவன் பிள்ளை வரை எல்லாருக்கும் படிக்க வாய்ப்பு வேண்டும் என்று அங்கே அரசர் பேசியதைத் தாய்லாந்தில் இன்றும் மேற்கோள் காட்டுவார்கள். 1884ல் வாட் மகன்னபாராம் விகாரையில் சாதாரண மக்களுக்கான முதல் அரசுப் பள்ளி திறந்தது. ஆனால் ஊர் நம்பவில்லை. 'பெயரை எழுதிக்கொள்கிறார்கள் என்றால் பின்னால் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போகத்தான்' என்று வதந்தி பரவியது. அந்தக் காலத்து சயாமில் ஆண்களைக் கட்டாய வேலைக்கு இழுக்கும் வழக்கம் இருந்தது. அரசாங்க ஏட்டில் பெயர் ஏறுவது நல்லதுக்கு அல்ல என்பது மக்களின் அனுபவ அறிவு. பள்ளிக்கும் பட்டாளத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று 1885ல் அரசர் தனியாக அறிவிப்பே வெளியிட வேண்டி வந்தது.

வந்த பையன்களும் நிலைக்கவில்லை. கொஞ்சம் எழுதத் தெரிந்ததும் ஏதாவது ஒரு அலுவலகம் குமாஸ்தா வேலை கொடுத்து இழுத்துக்கொள்ளும், பையன் பாதியில் கிளம்பிவிடுவான். கடைசியில் தாம்ரோங்கே உட்கார்ந்து, சீக்கிரம் படித்து முடிக்கிற மாதிரி ஒரு சுருக்கப் பாடநூல் எழுதினார். அதன் பெயரே 'விரைவுப் பாடம்' என்ற பொருளில்தான் இருக்கும். 1887ல் கல்வித்துறை, 1892ல் அமைச்சகம். அரசாங்க வேலைக்காரனுக்குத் தாய்லாந்து மொழியில் 'கா ராட்சகான்' என்று பெயர், அரச காரியத்தின் அடிமை என்று பொருள் விரியும். இன்றும் அரசுப் பள்ளி ஆசிரியர் 'கா ராட்சகான் க்ரூ'தான். அரச காரியம், குரு என்ற இரண்டு சொற்களும் ஒரே ஆளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. இந்த இரண்டில் முதலாவது ஜெயித்த கதைதான் அடுத்த நூறு ஆண்டு.

பாங்காக்கைத் தாண்டிப் பள்ளிகளைக் கொண்டுபோகப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. 1898ல் அரசர் ஒரு காரியம் செய்தார். இன்னொரு தம்பி வஜிராயாண் துறவியாக இருந்தவர், வாட் போவொன்னிவெட்டின் தலைமைப் பிக்கு. மாகாணங்களின் கல்விப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். படித்த பிக்குகள் மாகாணத்துக்கு ஒருவராகப் படகிலும் மாட்டுவண்டியிலும் கிளம்பிப் போனார்கள். ஏற்கெனவே ஊர் ஊராக விகாரை இருக்கிறது, அங்கே பிக்கு இருக்கிறார், முற்றம் இருக்கிறது. பாடநூலை மட்டும் பாங்காக்கில் அச்சடித்து அனுப்பினால் போதும். புதுக் கட்டடம் கட்டாமல் ஒரு நாட்டையே பள்ளியாக்கும் திட்டம் இது. மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அச்சடித்த பாடநூல் ஊருக்குள் நுழைந்த அன்றே வேறொன்று வெளியேறத் தொடங்கியது. வடக்கே சியாங் மாய் பக்கம் விகாரைகளில் லன்னா எழுத்தில் படித்தார்கள். வடகிழக்கில், ஈசான் என்று சொல்லும் பகுதியில், மக்கள் பேசியது லாவோ. ஓலையில் எழுதியது தாம் எழுத்தும் தாய் நோய் எழுத்தும். ஒரே தலைமுறையில் அவை பாட்டன் எழுத்து ஆகிவிட்டன. இன்று அந்த ஓலைகளைப் படிக்கத் தெரிந்தவர்களை ஊர் ஊராகத் தேட வேண்டியிருக்கிறது.

எழுத்து என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1890களின் தொடக்கத்தில் எட்வின் மெக்ஃபார்லண்ட் என்பவர் முதல் தாய்லாந்து மொழித் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தார். அவருடைய அப்பா சாமுவேல், மிஷனரியாக வந்து அரசரின் ஆங்கிலப் பள்ளி ஒன்றுக்குத் தலைமையாசிரியராக இருந்தவர். விசைப்பலகையில் இடம் போதாமல் எட்வின் இரண்டு மெய்யெழுத்துகளை விட்டுவிட்டார். அந்த இரண்டும் மெல்லப் புழக்கத்திலிருந்தே போய்விட்டன. ஆனாலும் இன்றைய குழந்தை 'கோ கை, கோ கைய்', கோழியின் க, முட்டையின் க என்று ராகம் போட்டு ஒப்பிக்கும்போது அந்த இரண்டையும் சேர்த்து 44 என்றுதான் ஒப்பிக்கிறது.

பெண்களுக்கான கதவை முதலில் திறந்தவர்கள் அமெரிக்க மிஷனரிகள். 1874ல் பாங்காக்கில் ஆற்றங்கரையில் பெண்கள் பள்ளி தொடங்கினார்கள். 1904ல் அரசி சாவபா ராஜினி பள்ளியைத் தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் பெண்கள் நுழைய 1927 ஆயிற்று, அதுவும் மருத்துவப் படிப்பில் ஒரு கைப்பிடி பேர். இன்று தாய்லாந்துப் பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம்.

1910ல் அரியணை ஏறிய வஜிராவுத் காலத்தில் பள்ளியின் வேலை மாறியது. அரசுப் பணியாளர் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது 1917ல் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஆனால் எல்லாரும் குமாஸ்தா ஆக ஆசைப்பட்டால் நெல் யார் போடுவது என்ற கவலை அரசாங்கத்துக்கு வந்தது. 1913ஆம் ஆண்டுக் கல்வித் திட்டம் தொழில் கற்கச் சொன்னது. கூடவே 'தேசம், மதம், அரசர்' என்ற மூன்றையும் நேசிக்கும் குடியை உருவாக்குவதும் பள்ளியின் கடமை ஆயிற்று. 1911ல் சாரணர் படை வந்தது. 1918ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிச் சட்டம் முக்கியமாகச் சீனர் பள்ளிகளைக் குறிவைத்தது. ஆசிரியர்கள் தாய்லாந்து மொழியில் தேற வேண்டும், அந்த மொழியைக் கற்பிக்கவும் வேண்டும்.

1921ல் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம். ஏழு வயது முதல் பதினான்கு வரை ஆண், பெண் இரு பாலாரும் பள்ளிக்குப் போக வேண்டும். ஆசியாவில் இவ்வளவு சீக்கிரம் இப்படி ஒரு சட்டம் போட்ட நாடுகள் மிகச் சில. செலவுக்கு ஆண்களிடம் தலைக்கு ஆண்டுக்கு 1 முதல் 3 பாட் வரை வரி (பாட் அந்த நாட்டு நாணயம்). அதன் பெயர் 'சுக்சா ப்லீ', சிக்ஷா பலி. பலி என்பதற்குப் பழைய வடமொழியில் வரி என்றும் பொருள் உண்டு.

தெற்கே பட்டானியில் மலாய் பேசும் முஸ்லிம்களுக்கு இந்தச் சட்டம் வேறு முகம் காட்டியது. அவர்கள் பிள்ளைகள் படித்தது 'போண்டோக்' என்ற இஸ்லாமியப் பள்ளிகளில், மலாய் மொழியில், அரபு எழுத்தை ஒட்டிய ஜாவி எழுத்தில். இப்போது பிள்ளையைப் புத்த விகாரை முற்றத்துக்கு, தெரியாத மொழியில் படிக்க, அனுப்பச் சொன்னார்கள், அதற்கு வரியும் கேட்டார்கள். 1922ல் அங்கே கலவரம் வெடித்தது. அடுத்த ஆண்டு பாங்காக் கொஞ்சம் இறங்கி வந்தது. ஈசானிலும் முணுமுணுப்பு இருந்தது. 1940ல்கூட கோன் கேன் பகுதியில் சோபா போன்ட்ரி என்ற மொலாம் (நாட்டுப்புறப் பாட்டு) பாடகர் அரசுப் பள்ளியை எதிர்த்துப் பாடியும் பேசியும் ஆள் திரட்டிச் சிறைக்குப் போனார்.

1932 ஜூன் 24ல் ராணுவத்தினரும் இளம் அதிகாரிகளும் சேர்ந்து அரசரின் தனியாட்சியை முடித்தார்கள். அவர்கள் அறிவித்த ஆறு கொள்கைகளில் ஆறாவது, மக்களுக்கு முழுமையான கல்வி. மூன்றே நாளில் வந்த தற்காலிக அரசியலமைப்பில் ஒரு விசித்திரமான நிபந்தனை: நாடாளுமன்றம் முழுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக ஆக, மக்கள்தொகையில் பாதிக்கு மேல் தொடக்கக் கல்வி முடித்திருக்க வேண்டும், அல்லது பத்து ஆண்டு கழிய வேண்டும். வாக்குரிமை முழு மதிப்பு பெறுவதைத் தொடக்கப் பள்ளியோடு முடிச்சுப் போட்ட அரசியலமைப்பு வேறு எங்காவது இருக்குமா என்று நான் யோசித்ததுண்டு. ஒரு பக்கம் மக்களை நம்பாத பேச்சு. இன்னொரு பக்கம், அதுவரை குமாஸ்தா வேலைக்கான வாசலாக இருந்த பள்ளி, முதல் தடவையாகக் குடிமகனின் உரிமைக்கான வாசலாகப் பேசப்பட்டது.

அந்தப் புரட்சியின் மூளை பிரிதி பனோம்யோங். சட்டம் படித்தவர். 1934 ஜூன் 27ல் அறவியல் அரசியல் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார், இன்றைய தம்மசாத். யார் வேண்டுமானாலும் சேரலாம், வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும் என்பதில்லை, வேலை பார்த்துக்கொண்டே படித்துத் தேர்வு எழுதலாம். முதல் ஆண்டே 7,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். படிப்புக்கு எவ்வளவு தாகம் இருந்தது என்பதற்கு அந்த ஒரு எண்ணே போதும். அப்புறம் ராணுவத்தின் கை ஓங்கியது. பிரிதி நாட்டை விட்டு ஓடினார். 1952ல் பல்கலைக்கழகத்தின் பெயரிலிருந்து 'அரசியல்' என்ற சொல்லையே வெட்டி எடுத்தார்கள்.

ராணுவத்திலிருந்து வந்த பிரதமர் பிபூன்சொங்க்ராமின் காலம், எல்லாரையும் தாய்லாந்துக்காரர் ஆக்கும் முயற்சி உச்சத்தில் இருந்த காலம். 1939ல் நாட்டின் பெயர் சயாமிலிருந்து தாய்லாந்து ஆயிற்று. சீனர் பள்ளிகள் கூட்டமாக மூடப்பட்டன. 1942ல் மெய்யெழுத்துகளை 44லிருந்து 31 ஆகக் குறைத்து ஆணை வந்தது; 1944ல் அவர் பதவி போனதும் ஆணையும் போயிற்று. 1947ல் பட்டானியின் மதத் தலைவர் ஹாஜி சுலோங் அரசாங்கத்திடம் ஏழு கோரிக்கை வைத்தார். தொடக்கப் பள்ளியில் மலாய் கற்பிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. 1954ல் போலீசைப் பார்க்கப் போனவர் திரும்பி வரவே இல்லை.

கட்டாயக் கல்வி காகிதத்தில் 1960ல் ஏழு ஆண்டாக நீண்டது. நடப்பில் கிராமத்துப் பிள்ளைக்குப் படிப்பு என்றால் நான்கு வகுப்பு. 'போ சீ', ப்ரதோம் நான்கு. ஒரு தலைமுறை முழுக்க 'நான் போ சீ வரைதான்' என்று சொல்லிக்கொண்டே வயதாகிவிட்டது. ஐந்தாம் வகுப்பு இருக்கும் பள்ளி தாலுகா ஊரில் இருக்கும். சைக்கிளும் சீருடையும் வாங்கக் காசு வேண்டும். வயலில் கையும் வேண்டும்.

1968ல் பாங்காக் துறைமுகத்தை ஒட்டிய க்ளோங் தோய் குடிசைப் பகுதியில், ப்ரதீப் உங்சோங்தாம் என்ற பதினாறு வயதுப் பெண் தன் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். அவரே சிறுமியாக இருந்தபோது பட்டாசு அடைத்தும் கப்பல் துருவைச் சுரண்டியும் காசு சேர்த்தவர். அங்கிருந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை; அது இல்லாவிட்டால் அரசுப் பள்ளி சேர்க்காது. கட்டாயக் கல்விச் சட்டம் வந்து 47 ஆண்டு ஆன பிறகும் நிலைமை இதுதான். நாள் ஒன்றுக்கு 1 பாட் கட்டணம், கொடுக்க முடிந்தால். 'ஒரு பாட் பள்ளி' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. பதிவு செய்யாத பள்ளி, அதனால் சட்டப்படி குற்றம். பல ஆண்டு போராடிய பிறகே நகராட்சி அதை ஏற்றது. 1978ல் ப்ரதீப்புக்கு மக்சேசே விருது கிடைத்தது. இந்த வரலாறு முழுக்க எனக்கு மிகவும் பிடித்த வகுப்பறை அந்த வீடுதான். அங்கே கேள்வி தலைகீழாக இருந்தது: முதலில் குழந்தை, அப்புறம்தான் ஏடு.

மேல்படிப்புக்கும் அதே நெருக்கடி. சியாங் மாய், கோன் கேன், சொங்க்லா என்று 1960களில் மாகாணப் பல்கலைக்கழகங்கள் வந்தும் இடம் போதவில்லை. 1971ல் நுழைவுத் தேர்வு இல்லாத ராம்கம்ஹேங் பல்கலைக்கழகம் திறந்தபோது முதல் ஆண்டே 37,000 பேர் சேர்ந்தார்கள். 1973 ஜூனில் அங்கே படித்த ஒன்பது மாணவர்கள் ராணுவ ஆட்சியைக் கிண்டல் செய்து பத்திரிகை வெளியிட்டதற்காக நீக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அக்டோபர் 14ல் ராணுவத் தலைவர் தனோம் பதவி விலகினார், பிறகு நாட்டை விட்டும் ஓட வேண்டியதாயிற்று. அரசாங்கம் தனக்கு வேலைக்காரர்களை உருவாக்கக் கட்டிய நிறுவனத்திலிருந்தே அரசாங்கத்தை இறக்கும் ஆட்கள் வந்தார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் 'வாழ்க்கைக்கும் சமூகத்துக்குமான கல்வி' என்று ஒரு சீர்திருத்தத் திட்டம் தயாரானது. 1976 அக்டோபர் 6ல் தம்மசாத் வளாகத்தில் மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அரசுக் கணக்கே 40 பேருக்கு மேல். அந்தத் திட்டத்தின் பெரும்பகுதியும் அதோடு புதைந்தது.

பின்பு நடந்தது எண்ணிக்கையின் வெற்றி. 1978ல் 6-3-3 முறை: தொடக்கப் பள்ளி ஆறு ஆண்டு, அதற்கு மேல் மூன்றும் மூன்றும். 1990 முதல் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளிலேயே ஒன்பதாம் வகுப்பு வரை கூட்டினார்கள். வீட்டுப் பக்கத்திலேயே பள்ளி என்றதும் பிள்ளைகள் நின்றார்கள். ஆலைகள் பெருகிய காலம் அது, நான்காம் வகுப்புப் படிப்பு ஆலைக்குப் போதாது என்ற கணக்கும் அதில் உண்டு. 1997 அரசியலமைப்பு 12 ஆண்டு இலவசக் கல்வியை உரிமை ஆக்கியது. 1999ல் தேசியக் கல்விச் சட்டம், பிறகு ஒன்பது ஆண்டு கட்டாயம். 2005ல் ஆவணம் எதுவும் இல்லாத பிள்ளையையும், பர்மாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளியின் பிள்ளையையும் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. க்ளோங் தோய் வீட்டில் ப்ரதீப் செய்ததை அரசாங்கம் ஏற்க 37 ஆண்டு ஆயிற்று.

பிள்ளைகள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். வந்து என்ன கற்கிறார்கள்? பீசா என்ற பன்னாட்டுத் தேர்வில், பதினைந்து வயது மாணவர்களின் வாசிப்பு மதிப்பெண் 2000ல் 431, 2022ல் 379. கணிதம் 2022ல் 394. பக்கத்து வியட்நாம் அதே கணிதத்தில் 469. தாய்லாந்து கல்விக்குச் செலவழிக்காத நாடு அல்ல, வரவுசெலவுத் திட்டத்தில் எப்போதும் பெரிய பங்கு கல்விக்குத்தான். ஆனால் அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழப் பாதி 120 பிள்ளைகளுக்கும் குறைவானவை. 1898 முதல் விகாரைக்கு ஒன்றாக முளைத்த வரிசையின் மிச்சம் அவற்றில் பல. 1970களில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் குழந்தை பிறந்த நாட்டில் 2024ல் 5 லட்சம்கூட இல்லை. மூன்று ஆசிரியர் ஆறு வகுப்பைப் பார்க்கிறார்கள், அலுவலகத் தாளையும் அவர்களே நிரப்புகிறார்கள். ஒரு வகுப்புக்கு ஹுவா ஹின் ஊர்ப் பள்ளியிலிருந்து செயற்கைக்கோள் வழியாக வரும் பாடத்தைத் தொலைக்காட்சியில் போட்டுவிட்டு ஆசிரியர் அடுத்த அறைக்கு ஓடுகிறார். பாங்காக்கின் பெயர் பெற்ற பள்ளிப் பிள்ளை சாயங்காலம் டியூஷனுக்குப் போகிறது.

2020ல் பள்ளிப் பிள்ளைகளே எழுந்து பேசினார்கள். காலை எட்டு மணிக்குக் கொடியேற்றும்போது எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரலை உயர்த்தினார்கள், பைகளில் வெள்ளை ரிப்பன் கட்டினார்கள். முடி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று சொல்லும் 1970களின் ராணுவ ஆட்சிக் கால விதியைத் தூக்கச் சொன்னார்கள். பெரியவர்கள் சிலருக்கு அது முடிச் சண்டையாகப் பட்டது. எனக்கு அப்படிப் படவில்லை. பள்ளி யாருடையது என்பதுதான் அவர்கள் கேட்டது, தாங்கள் தினமும் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளைக் கொண்டு கேட்டார்கள்.

தெற்கே பட்டானியில் 2004 முதல் நடக்கும் வன்முறையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் நடுவே ஆசிரியர்கள் பள்ளிக்குப் போய் வந்த ஆண்டுகள் அவை. அந்த நடுவிலும் மகிதோல் பல்கலைக்கழக மொழியியலாளர்கள் சில அரசுப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார்கள். மழலையர் வகுப்பில் பிள்ளைக்கு வீட்டில் பேசும் பட்டானி மலாயிலேயே பாடம். கதையும் பாட்டும் கணக்கும் அந்த மொழியில்; தாய்லாந்து மொழி மெல்ல, பேச்சாக முதலில், எழுத்தாகப் பிறகு. 2016ல் இந்தத் திட்டத்துக்கு யுனெஸ்கோவின் மன்னர் செஜோங் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. வழக்கமான பள்ளிப் பிள்ளைகளைவிட இவர்கள் தாய்லாந்து மொழியிலும் நன்றாகவே தேறினார்கள்.

அந்த வகுப்பறையில் முதல் பாடமாக எழுதப்படும் மலாய்ச் சொற்கள், உள்ளூர் மக்களோடு பேசி முடிவு செய்தபடி, தாய்லாந்து எழுத்திலேயே எழுதப்படுகின்றன. ஜாவி பிறகு வருகிறது. 1921ல் பாட்டனை மிரட்டிய அதே எழுத்தில், தன் அம்மா பேசும் சொல்லை எழுத்துக்கூட்டி வாசிக்கிறது ஐந்து வயதுக் குழந்தை.